சம்பந்தி சட்டப்படி சொந்தமில்லை

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் என் வீட்டுக்காரர் டை கிடைக்காமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்தினேன் அல்லவா? டை கிடைத்துவிட்டது. கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. மறந்துவிடக் கூடாதே என்று முந்தின நாள் அவரே பத்திரமாக வைத்த இடமாம். ஆக, மகளுக்குச் சம்பந்தம் பேசப் போகிற மனிதர் கழுத்திலிருந்து பூண்டு வாசனை வீச, சனிக்கிழமை காலை தேஜோனிலிருந்து காரைக் கிளப்பினோம்.

இந்தச் சந்திப்பு என்றாலே எனக்குப் பயம்தான். நான் நகராட்சி நீச்சல் குளத்தில் வயதானவர்களுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள். அங்கே தண்ணீரை விடக் கதைதான் அதிகம் ஓடும். சூப்பை உறிஞ்சிக் குடித்ததற்காக நின்ற கல்யாணம், தொலைக்காட்சியில் தேர்தல் செய்தி வந்ததால் நின்ற கல்யாணம் என்று தினமும் ஒன்று கேட்கிறேன். இரண்டு வீட்டாரும் முதல்முதலாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எழுகிற அந்த ஒரு வேளைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

பின் சீட்டில் எங்கள் மகள் ஹாவொன். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், அன்று தன் பல்லை வெளியே காட்டவே இல்லை. வழி நெடுக அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தாள். மழையைப் பற்றிப் பேசலாம், சாலையைப் பற்றிப் பேசலாம், மீனைப் பற்றிப் பேசலாம். வேலையைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது.

"என்ன உத்தியோகம்னு கேட்டா அரசாங்க உத்தியோகம்னு சொல்லுங்கப்பா. அதோட நிறுத்திக்குங்க."

"அது பாதி பதில்தானேம்மா" என்றார் அவர்.

அவரை உங்களுக்குத் தெரியும். காப்புரிமை அலுவலகத்தில் ஆய்வாளர். கார் சம்பந்தமாக யார் எதைக் கண்டுபிடித்தேன் என்று விண்ணப்பம் போட்டாலும், "இது ஏற்கெனவே இருக்கிறதே" என்று ஆதாரத்தோடு சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அந்தப் புத்தி வீட்டிலும் போகாது. நான் புதிதாக ஒரு குழம்பு வைத்தால், "இது போன மாசம் வச்சதுதானே, இப்ப முள்ளங்கி சேர்த்திருக்கே" என்பார். யாராவது ஜோக் சொன்னால் சிரிக்கிறதற்கு முன்னால் எங்கே கேட்டோம் என்று யோசிப்பார்.

கொஞ்ச நாளாகச் சொனான் ஊர்க்கார அம்மாள் ஒருத்தி அவரைப் பாடாய்ப் படுத்துகிறாள் என்று எழுதினேனே, அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை. பெயரெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டார், ஆபீஸ் விதி. விஷயம் மட்டும் அரைகுறையாகத் தெரியும். இந்தக் காலத்துக் காருக்குள் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் நிறைய உண்டாம், எல்லாம் ஒரே கம்பியில் பேசிக்கொள்ளுமாம். திருடன் விளக்கைக் கழற்றி, அந்தக் கம்பியைப் பிடித்து, "நான்தான் பிரேக் பேசுகிறேன்" என்று பொய்க்குரல் கொடுத்தால் கார் நம்பிவிடுமாம். சொனான் அம்மாள் அதற்கு ஒரு காவல் கண்டுபிடித்திருக்கிறாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நாடித் துடிப்பு உண்டு, வீட்டு மனிதர்களின் காலடியை மாடிப்படியிலேயே நாம் கண்டுபிடிப்பது போலக் காரும் துடிப்பை வைத்துத் தன் ஆளா வேற்றாளா என்று கண்டுபிடித்துவிடும்.

நல்ல யோசனைதான் என்று இவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு பெண்ணின் வலைப்பூவில் இதே விஷயம் வீடியோப் படத்தோடும் விளக்கத்தோடும் இவர் கண்ணில் பட்டுவிட்டது. விண்ணப்பம் போடுவதற்கு ஓராண்டுக்கு முன்பே விஷயம் வெளியே வந்திருந்தால் அது புதுசு இல்லை. ஓராண்டுக்குள் என்றால் மன்னிப்பு உண்டு. வலைப்பூவின் தேதி அந்த ஓராண்டைத் தாண்டியிருந்தது. மறுப்பு நோட்டீஸ் போயிற்று. அன்று முதல் அந்த அம்மாளுடைய வக்கீல் போன் செய்து, "என் கட்சிக்காரர் சொல்லச் சொன்னதை அப்படியே சொல்றேன், மன்னிக்கணும்" என்று ஆரம்பித்து இவரை வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

சரி, சோங்ஜு வந்துவிட்டது. சாப்பாட்டு விடுதியில் தனி அறை. மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்து எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை கியோங்-ரொக்கை நமக்குத் தெரியும், இரண்டு தரம் வீட்டுக்கு வந்து என் இறால் வடையைப் பாராட்டிய பிள்ளை. அவனுடைய அப்பா ஓய்வு பெற்ற சீன எழுத்து வாத்தியார், ஒல்லியாக, நிதானமாக இருந்தார். அம்மா கார் சாமான் செய்கிற சின்னக் கம்பெனி நடத்துகிறவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். கைகுலுக்கியபோது என் கையே ஒரு கணம் மரத்துப்போயிற்று. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

எல்லோரும் குனிந்து நிமிர்ந்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். சாலை நெரிசலைப் பற்றிப் பேசினோம். அவர்கள் எங்கள் பெண்ணைப் புகழ, நாங்கள் அவர்கள் பையனைப் புகழ, இரு தரப்பும் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று மறுக்க, எல்லாம் முறைப்படி நடந்தது. பொரித்த மீன் வந்தது. சம்பந்தியம்மாள் முள் எடுத்து என் தட்டில் வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அப்போதுதான் வாத்தியார் சம்பந்தி வாயைத் திறந்தார். "அம்மா ஹாவொன், அப்பாவோட பேரு என்னம்மா? எந்தெந்த எழுத்துன்னு சொன்னா அர்த்தம் சொல்றேன்" என்றார். வாத்தியார் புத்தி, பெயரில் உள்ள ஒவ்வொரு சீன எழுத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டே. பெரியவர்கள் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. பையன் எங்களை "ஹாவொன் அப்பா, அம்மா" என்றான், பெண் அவர்களை "அத்தை, மாமா" என்றாள், இத்தனை மாதமும் அப்படியே ஓடிவிட்டது. கேட்டால்தான் பிள்ளைகள் அப்பா பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, மரியாதையோடு சொல்ல வேண்டும்.

ஹாவொன் முகம் வெளுத்தது. "குடும்பப் பேர் ஸோ, மாமா. அப்புறம் பில்ங்கற எழுத்து…" என்றாள். ஸ்பூனைக் கீழே போட்டாள். அதை எடுக்க மேசைக்கடியில் போனவள் வெளியே வரவில்லை. மாப்பிள்ளையும் உதவிக்குக் கீழே குனிந்தான்.

பாதி பதிலை என் வீட்டுக்காரர் பொறுப்பாரா? முதுகை நிமிர்த்திக்கொண்டு, தானே முடித்துவைத்தார்.

"கியூங்கற எழுத்து. ஸோ பில்-கியூ."

சம்பந்தியம்மாளின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் மீனில் குத்தியபடி நின்றன. "காப்புரிமை ஆபீஸ்ல இருக்கிற ஸோ பில்-கியூவா?" என்றார், மெதுவாக.

"ஆமாங்க. உங்களுக்கு எப்படி…"

"நான் ஓக் மிரியோங்."

அந்தப் பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் டையைத் தளர்த்தினார். அறை முழுக்கப் பூண்டு வாசனை. மேசைக்கடியில் இருந்த இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். சொனான் அம்மாள் யார் என்று எனக்கும் அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? சம்பந்தியம்மாள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்த மாதிரி ஏழு வருஷம் வளர்த்த கண்டுபிடிப்பு, ஒரு பெரிய கார் கம்பெனி கையெழுத்துப் போட உட்கார்ந்திருக்கிறது, காப்புரிமை இல்லையென்றால் எழுந்து போய்விடும், எவளோ ஒருத்தியின் வலைப்பூவைக் காட்டி இந்த மனுஷன் நிறுத்திவைத்திருக்கிறார் என்று கொட்டித் தீர்த்தார். இவர், நடப்பில் இருக்கிற ஃபைலைச் சாப்பாட்டு மேசையில் பேசக் கூடாது என்றார். அப்படியானால் நான் மீனிடம் பேசிக்கொள்கிறேன் என்று அந்த அம்மாள் மீனைப் பார்த்துப் பேசினார். இவரும் முள்ளங்கியைப் பார்த்துப் பதில் சொன்னார். வாத்தியார் மட்டும் பில், கியூ இரண்டு எழுத்துக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

நான் மேசைக்கடியில் இவரை உதைத்தேன். "ஐயோ" என்றது மாப்பிள்ளையின் குரல்.

கடைசியில் சம்பந்தியம்மாள் பெருமூச்சு விட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். கல்யாணத்தை முதலில் நடத்திவிட்டு அப்புறம் காப்புரிமை வந்தால், பெண் எடுத்துப் பேடண்ட் வாங்கினாள் என்று ஊர் பேசும், அந்தப் பேச்சு தனக்கு வேண்டாம் என்றார். "முடிவு வரட்டும். கல்யாணத்தை அப்புறம் வச்சுக்கலாம்."

இவர் அதை மறுக்க வேண்டாமா? தலையை ஆட்டினார். "நியாயம்தான்" என்றார். சம்பந்தி என்பது சட்டப்படி சொந்தமே இல்லை, அதனால் ஃபைலைத் தானே தொடர்ந்து பார்க்கத் தடையில்லை, இருந்தாலும் முடிவு முதலில் வருவதுதான் முறை என்று விளக்கம் வேறு. முடிவுக்கு எதிராக மேல்முறையீடு போனால் வருஷக்கணக்கில் இழுக்குமே என்று கேட்டேன். இழுக்கட்டும் என்றார்கள் இருவரும், ஒரே குரலில். சந்தித்ததிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் என் மகளுடைய கல்யாணத்தை நிறுத்துவது.

ஹாவொன் மேசைக்கடியிலிருந்து எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே எழுந்த மாப்பிள்ளை அவளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு பெரியவர்கள் இரண்டு பேரையும் குளத்தில் தள்ளி மூச்சுப் பிடிக்க வைத்திருப்பேன்.

"எல்லாம் அந்தப் பொண்ணால வந்தது" என்றார் சம்பந்தியம்மாள். தன் தொழிற்சாலை முற்றத்துக்குள் எவளோ புகுந்து படம் எடுத்திருக்கிறாள், போட்டிக் கம்பெனி அனுப்பிய உளவாளியாக இருக்கும், கையில் கிடைத்தால் தலைமயிரைப் பிடித்து உலுக்கிவிடுவேன் என்று சொல்லி, போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். "நீங்களே பாருங்க சம்பந்தி. எப்படிக் கெக்கெக்கேன்னு சிரிக்கிறா பாருங்க."

பார்த்தேன். ஒரு முற்றம். சாம்பல் நிறக் கார், ஒரு பக்க விளக்கு இல்லை. முன் சக்கரத்தருகே குப்புறப் படுத்த ஒருவனுடைய முதுகும் ரப்பர் செருப்பும் மட்டும் தெரிந்தன. அவன் ஏதோ தட்டுகிறான். கார் அசையவில்லை. திடீரென்று அலறியது பாருங்கள் ஹாரன், அவன் துள்ளி எழுந்து பம்பரில் தலையை முட்டிக்கொண்டான். படம் எடுக்கிறவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, முடிவில் மூக்கால் ஒரு உறுமல்.

அந்த உறுமல் என்னுடையது. என் அம்மாவுக்கும் இருந்தது. நான் மகளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

"அத்தை" என்றாள் ஹாவொன். "அந்தப் பொண்ணு நான்தான்."

நடந்ததையெல்லாம் அவளே சொன்னாள். காதலிக்க ஆரம்பித்த புதிதில் பையன் கம்பெனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்று அவன் பெருமையாகச் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் படத்துக்குக் கீழே எழுதிவைத்தாள். நோட்டீஸ் வந்த அன்று அவன் அதிலிருந்த படத்தில் தன் ரப்பர் செருப்பை அடையாளம் கண்டு அவளுக்குப் போன் செய்தான். நோட்டீஸின் அடியில் அப்பாவின் பெயர். அன்றிலிருந்து இருவருக்கும் தூக்கமில்லை.

சம்பந்தியம்மாள் அவளுடைய தலைமயிரைப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, என் கார் தன் வீட்டாளைத் துடிப்பை வச்சே கண்டுபிடிச்சிடும். நீங்க?"

அவர் போனைக் கேட்டு வாங்கினார். படத்தை மறுபடி ஓட்டினார். திரையைப் பார்க்கவே இல்லை, காதோடு வைத்துக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு முறை ஓட்டினார். அந்தச் சின்னப் போனிலிருந்து என் மகளுடைய சிரிப்பு மட்டும் கேட்டது.

"இதை ஆபீஸ்ல எத்தனையோ தடவை கேட்டிருக்கேன்" என்றார். "யாரோ ஒரு பொண்ணு, ரொம்ப சந்தோஷமா இருக்கான்னு நினைச்சேன். நம்ம வீட்ல அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

எனக்கு வந்த கோபம் இருந்த இடம் தெரியவில்லை. ஜோக் சொன்னால் பழசா புதுசா என்று பார்க்கிற மனிதர் முன்னால் அந்தக் குழந்தை எப்படிச் சிரித்திருக்கும்?

அவர் போனை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். திங்கட்கிழமை ஃபைலை வேற ஆய்வாளர்கிட்ட கொடுத்துடறேன்."

"சம்பந்தி சொந்தமில்லன்னு இப்பத்தானே சட்டம் பேசினீங்க?"

"சட்டத்துல இல்லதாங்க. ஆனா காரணம் என்னன்னு கேப்பாங்க. மகளோட சிரிப்புன்னு சொல்ல முடியாது. வேற ஏதாவது சொல்லிக்கறேன்."

சம்பந்தியம்மாள் மீனின் வயிற்றுப் பகுதியைப் பிய்த்து, முள் பார்த்து, இவருடைய சோற்றின் மேல் வைத்தார். புது ஆய்வாளர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். தன்னிடம் பயிற்சி எடுத்தவள், தன்னை விடக் கறார் என்று இவர் சொன்னதும் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வலைப்பூ அங்கேயேதானே இருக்கிறது, அதன் தேதியும் பழையதுதானே.

"தேதி பழசுதான் அத்தை" என்றாள் ஹாவொன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா அப்ப அதைப் பூட்டித்தான் வச்சிருந்தேன். நான் மட்டும்தான் பாக்க முடியும். எல்லாருக்கும் திறந்துவிட்டது ரொம்ப நாள் கழிச்சு. எழுதின தேதி மட்டும் அப்படியே நின்னுடுச்சு."

என் வீட்டுக்காரர் குச்சியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வலைப்பூவைப் பூட்டித் திறக்கலாம் என்று இந்த மனிதருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? எப்போது திறந்தாய் என்று கேட்க வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"நான் இப்ப அந்த ஃபைல்ல இல்ல" என்றார். "அத்தையைக் கேக்கச் சொல்லு."

சம்பந்தியம்மாளுக்கு மூச்சே மாறிவிட்டது. தன் விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் திறந்திருந்தால் மன்னிப்பு உண்டு, கம்பெனி பிழைத்தது, அதற்கு முன்னால் என்றால் போச்சு. "எப்பம்மா திறந்தே? கண்ணு, சொல்லும்மா" என்று, உளவாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹாவொன் வெட்கத்தோடு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "இவர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டார், நான் சரின்னு சொன்னேன். அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் திறந்துவிட்டேன், ஊருக்கே தெரியட்டும்னு."

"அப்பாடா, அது இவனுக்கே தெரியுமே" என்றார் சம்பந்தியம்மாள். மகன் பக்கம் திரும்பினார். "என்னிக்குடா கேட்டே?"

மாப்பிள்ளை சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான். "வசந்த காலம்…" என்றான். ஹாவொன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, குளிர் காலம். நீ கோட் போட்டிருந்தே. இல்லியா?" என்றான். நெற்றியில் வியர்வை.

"என்னோட போன்ல இருக்கு அத்தை" என்றாள் என் மகள். குரல் சில்லென்று இருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எனக்குத் தேதி தெரியும். ஆனா அவர் சொல்லட்டும்."

கதவைத் தள்ளிக்கொண்டு பரிமாறுகிற பெண் இலவங்கப்பட்டைப் பானகத்தோடு வந்தாள், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். "யோசிச்சுப் பாருடா" என்று பெற்றவள் கெஞ்சினார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர்தான் நிதானமாக ஒரு தம்ளர் தண்ணீரை மாப்பிள்ளையின் பக்கம் நகர்த்தினார்.

"அவசரமே இல்ல மாப்பிள்ளை. ஆனா பதில் முழுசா இருக்கணும்."